நனையாதது என்றொரு பெயர்

பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். விடியப்புறம் எழும்பி 'நெப்ரோலெப்பிஸ், நெப்ரோலெப்பிஸ்' என்று பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

"அதென்ன புள்ள?"

"ஒரு பன்னம், அம்மப்பா."

"பேருக்கு என்ன கருத்து?"

"அது சோதினைக்கு வராது."

வெல்லாவெளியில் எங்கள் வளவுக் கிணற்றின் உட்சுவரில் மாரி பிறந்ததும் வேறொரு பன்னம் தலைகாட்டும். மயிரிழைபோல மெலிந்து கறுத்த காம்பு. பிறை வடிவில் சின்னச் சின்ன இலைகள். வாளித் தண்ணீர் சிந்தினால் இலையில் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு விழும். சேம்பிலையில் பார்க்கிற அதே கூத்துத்தான். இந்தப் பன்ன இனத்தின் பெயர் அடியாண்டம். கிரேக்கத்தில் 'நனையாதது' என்று கருத்து. நீருக்குள் அமிழ்த்தினாலும் இதன் இலை நனைவதில்லை, பெயரும் அதனால்தான் வந்தது என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பழம்பெயரையே எடுத்தாண்டார். அவர் இலங்கையை மிதித்ததேயில்லை. ஹெர்மன் என்ற மருத்துவர் இங்கே சேர்த்த உலர்ந்த செடிகளை வைத்தே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் செய்த மனுசன். இவ்வினத்துச் செடியொன்றுக்கு 'வீனசின் கூந்தல்' என்றும் பெயருண்டு. இலை நனையாதென்றாலும் வேர் காய்ந்தால் செடி கருகிவிடும், அது வேறு கதை.

பார்த்துப் பெயர் வைப்பது நமக்கும் கைவந்ததுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. எழும் பக்கம் எழுவான்கரை. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு நம்மை ஏற்றிப்போகும் மிதவைக்கே 'பாதை' என்றுதான் பேர். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குச் செடியின் பெயரை மட்டும் மந்திரம்போல ஓதக் கொடுக்கிறோம்.

நெப்ரோலெப்பிஸ் என்றால் 'சிறுநீரகச் செதில்'. முற்றத்துச் சாடியில் நின்ற பன்னத்தின் இலையைப் புரட்டிக் காட்டினேன். வித்திக் கூட்டங்களை மூடிய செதில்கள், அச்சொட்டாகச் சிறுநீரக வடிவம். அதன்பிறகு அவள் அந்தப் பெயரை உருப்போடவேயில்லை.

பாடநூல் எழுதுவோர் ஒவ்வொரு தாவரப் பெயருக்கும் பக்கத்தில் அதன் கருத்தை ஒரு வரி அச்சிட்டால் போதும். ஆசிரியர்மாரே, நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பங்குனி வெயில் ஏறினால் கிணற்றுச் சுவர் காய்ந்துவிடும். அதற்கு முதல் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், அடியாண்டத்தின் இலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்.