அனாதைகள் இல்லாத அனாதை விடுதிகள்

2025 ஆகஸ்ட் 3-ந் தேதி விடிவதற்கு முன், ஹைத்தி நாட்டின் தலைநகருக்கு மேலே மலைப் பகுதியில் உள்ள கென்ஸ்காஃப் என்ற ஊரில், கத்தோலிக்கத் தொண்டு ஸ்தாபனம் ஒன்றின் குழந்தைகள் விடுதிக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தது. விடுதியின் பொறுப்பாளரான ஜீனா ஹெராட்டி என்ற அயர்லாந்துப் பெண்மணியையும், மூன்று வயதுக் குழந்தை உட்பட வேறு ஏழு பேரையும் பிடித்துக் கொண்டு போயிற்று. ஏறக்குறைய நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29-ந் தேதி அவர்கள் விடுதலையானார்கள். அந்த அம்மையார் 1993 முதல் அந்த நாட்டில் தொண்டு செய்து வருபவர். உடல் ஊனமுற்ற குழந்தைகளைப் பராமரிப்பதே அவருடைய வேலை.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சு எழுகிறது. தொண்டு செய்யப் போனவர்களுக்கா இந்தக் கதி என்று வருந்துகிறவர்கள் ஒரு பக்கம். மதம் மாற்றத்தானே போனார்கள், அனுபவிக்கட்டும் என்பவர்கள் மறு பக்கம். (ஹைத்தி மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கனவே கிறிஸ்தவர்கள் என்பது இந்த இரண்டாவது கட்சிக்காரர்களுக்குத் தெரிவதில்லை.) இரண்டு பேச்சுக்கும் நடுவே அமுங்கிப் போகும் கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சபைகள் அனுப்புகிற பணமும் ஆட்களும் அந்த நாட்டு ஏழைக் குடும்பத்துக்கு என்ன செய்கின்றன என்பதுதான் அது.

அடிமைகள் அமைத்த நாடு

கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவை இரண்டு நாடுகள் பங்கு போட்டுக் கொண்டிருக்கின்றன. கிழக்கே டொமினிக்கன் குடியரசு. மேற்கே மூன்றில் ஒரு பங்கு ஹைத்தி. ஜனத்தொகை ஒரு கோடிக்குச் சற்று அதிகம். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் 1791-ல் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து 1804-ல் சுதந்திர நாட்டை அமைத்தார்கள். அதற்காக அவர்களை உலகம் சும்மா விடவில்லை. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தோட்ட முதலாளிகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடனும் வட்டியும் 1947-ல்தான் தீர்ந்தன. நாம் சுதந்திரம் பெற்ற ஆண்டில் அவர்கள் தங்கள் சுதந்திரத்துக்கான கடைசித் தவணையைக் கட்டினார்கள்!

நடுவே 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அங்கே ஆட்சி செய்தது. 1995-ல் வெளியார் நெருக்குதலால் இறக்குமதி அரிசி மீதான வரி 3 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயி நொடித்துப் போனான். அந்தக் கொள்கைக்குப் பொறுப்பாளியான ஜனாதிபதி கிளிண்டனே 2010-ல் அமெரிக்க செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக் கொண்டார். ஒப்புக் கொண்டதால் நிலம் திரும்பவில்லை. கிராமத்தில் பிழைக்க வழியில்லாதவர்கள் தலைநகரின் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

33 குழந்தைகள்

2010 ஜனவரி 12-ந் தேதி பூகம்பம் வந்தது. அரசாங்கம் சொன்ன சாவுக் கணக்கு 3 லட்சத்துக்கும் மேல். அது மிகை என்பவர்களும் உண்டு. உலகெங்கும் உள்ள சபைகள் மருந்தும் உணவும் டாக்டர்களும் அனுப்பின. அதில் பல உயிர்கள் பிழைத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பூகம்பம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜனவரி 29-ந் தேதி, எல்லைச் சாவடியில் ஒரு பஸ் நிறுத்தப்பட்டது. உள்ளே அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர் பத்துப் பேர். அவர்களோடு 33 குழந்தைகள். பால் குடிக்கும் குழந்தையிலிருந்து 12 வயது வரை. எல்லோரும் அனாதைகள், டொமினிக்கன் குடியரசில் விடுதி வைத்துக் காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். அழைத்துப் போவதற்கான அனுமதிப் பத்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை.

விசாரித்தபோது பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தது தெரிய வந்தது. பெற்றோர் யாரும் தங்களிடமிருந்து குழந்தைகளைப் பறித்துப் போனதாகச் சொல்லவில்லை. தாங்களே கொடுத்ததாகச் சொன்னார்கள். நல்ல பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம் உண்டு, நீங்கள் வந்து பார்க்கலாம் என்று சொன்னார்கள், கொடுத்தோம் என்றார்கள். வழக்கு நடந்தது. கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, குழுவின் தலைவிக்கு மட்டும் முறைகேடாகப் பிரயாணம் ஏற்பாடு செய்த குற்றத்துக்காக, அதுவரை சிறையிலிருந்த காலமே தண்டனையாக விதிக்கப்பட்டது. மற்றவர்கள் அதற்கு முன்பே ஊர் திரும்பி விட்டார்கள்.

அந்தப் பத்துப் பேர் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. தங்கள் கைக்காசைப் போட்டு வந்தவர்கள் அவர்கள். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் குழந்தையை அனாதை என்று நம்பிவிட அவர்களுக்குச் சில நாள் போதுமானதாக இருந்தது என்பதுதான் விஷயம். நம் தெருவில் ஒருவன் அப்படி 33 குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றினால் அவனை வழியனுப்பி வைப்போமா?

பீஸ் கட்ட முடியாத தாய்

ஒரு தாய் எதற்காகக் கொடுத்தாள்? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. ஹைத்தியில் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் குறைவு. ஐந்தில் நான்கு பள்ளிகளுக்குக் குறையாமல் தனியார் நடத்துபவை. அவற்றில் பல சபைகளின் பள்ளிகள். பீஸ் கட்ட வேண்டும், சீருடை வாங்க வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். பீஸ் கட்ட வழியில்லாத வீட்டில் ஒரு யோசனை தோன்றுகிறது. விடுதியில் விட்டால் மூன்று வேளை சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். வெள்ளைக்காரர்கள் நடத்துகிறார்கள், நன்றாகத்தான் பார்த்துக் கொள்வார்கள்.

இப்படிச் சேர்ந்த கூட்டம் எவ்வளவு? லூமோஸ் என்ற பிரிட்டிஷ் தொண்டு ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, சுமார் 750 விடுதிகளில் ஏறக்குறைய 30,000 குழந்தைகள். அவர்களில் நூற்றுக்கு 80 பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். விடுதிகளுக்கு வெளிநாட்டிலிருந்து, பெரும்பாலும் அமெரிக்கச் சபைகளிடமிருந்து, ஆண்டுதோறும் வந்த தொகை 7 கோடி டாலருக்குக் குறையாது என்றும் அது 2017-ல் கணக்கிட்டது. 7 கோடியை 30,000-ஆல் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 2,300 டாலருக்கு மேல் வருகிறது. அதில் ஒரு பகுதி தாயின் கைக்குப் போயிருந்தால் குழந்தை வீட்டிலேயே தூங்கியிருக்கும்.

ஆனால் நன்கொடை அப்படி வருவதில்லை. குழந்தை விடுதியில் இருந்தால்தான் அதன் போட்டோவை அனுப்ப முடியும். போட்டோவைப் பார்த்துத்தான் பணம் வரும். ஆகவே கட்டில் காலியாக இருக்கக் கூடாது. கிராமங்களுக்கு ஆள் அனுப்பிக் குழந்தைகளைச் சேர்த்த விடுதிகளும் உண்டு. அரசாங்க அனுமதி பெற்ற விடுதிகள் மிகச் சில. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சபை ஒன்று நடத்திய விடுதியில் தீப்பிடித்து 15 குழந்தைகள் மாண்டார்கள். ஜெனரேட்டர் ஓடாததால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த விடுதிக்கு அனுமதி இல்லை என்பது குழந்தைகள் செத்த பிறகு பேசப்பட்டது.

ஒரு வீட்டுக்கு 30,000 டாலர்

சபைகளின் பிரயாணம் தனிக் கதை. அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் பேர் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று வெளிநாட்டுக்கு 'மிஷன்' பிரயாணம் போகிறார்கள் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், டாக்டர்கள். ஒரே நிறத்தில் பனியன் போட்டுக் கொண்டு இறங்குவார்கள். சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள், வீடு கட்டுவார்கள், குழந்தைகளோடு பந்து விளையாடுவார்கள். ஊர் திரும்பி, என் வாழ்க்கையே மாறிவிட்டது என்பார்கள்.

மாறுகிறதா என்று பார்த்தவரும் உண்டு. 1998-ல் மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ் நாட்டைச் சூறையாடியது. வீடு கட்டித் தர வட அமெரிக்காவிலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வந்தார்கள். அங்கேயே குடியிருந்து பணியாற்றிய கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் கணக்கெடுத்தார். அவரும் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்தான். விரோதியின் கணக்கு அல்ல. வந்தவர்களின் பிரயாணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஆன தொகை சுமார் 30,000 டாலர். உள்ளூர் ஸ்தாபனம் உள்ளூர்க் கொத்தனாரை வைத்துக் கட்டினால் 2,000 டாலர். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும், உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதையும் அவர் காணவில்லை. வந்து போனவர்களும் பிறகு அதிகமாக வாரிக் கொடுக்கவில்லை.

நம்மில் பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இந்தப் பற்று வரவு உடனே புரியும். ஒரு கோஷ்டி ஒரு வீடு கட்டிய பணத்தில் பதினைந்து வீடு கட்டியிருக்கலாம். பதினைந்து வீட்டு வேலையும் சூறாவளியில் பிழைப்பை இழந்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிடைத்திருக்கும்.

தங்கினவர்களும் வந்து போகிறவர்களும்

நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு மிஷனரி என்றால் வேறொரு முகம் நினைவுக்கு வரும். கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தத் தேரிக்காட்டைத் தன் இடமாகக் கொண்டார். தமிழ் கற்றார், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவருடைய கருத்துக்களோடு சண்டை போடுகிறவர்கள்கூட, அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று சொல்ல முடியாது.

ஹைத்தியிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரிக் ஃபிரெஷெட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1987-ல் அங்கே போனார். ஜெபம் மட்டும் போதாது என்று கண்டு, பாதிரியாராக இருந்துகொண்டே வைத்தியம் படித்து டாக்டரானார். தலைநகரில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். லூயிசா டெல்லோர்த்தோ என்ற இத்தாலியக் கன்னியாஸ்திரி இருபது ஆண்டு அங்கே தெருக் குழந்தைகளோடு வாழ்ந்து, 2022 ஜூன் 25-ந் தேதி தலைநகர்த் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 மார்ச் 31-ந் தேதி மிர்பலே என்ற ஊரில் இரண்டு கன்னியாஸ்திரிகள் கொல்லப்பட்டனர். அவர்கள் ஹைத்திக்காரர்கள், ஆகவே உலகப் பத்திரிகைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறியது. 2021 அக்டோபரில் ஒஹையோவைச் சேர்ந்த தொண்டு ஸ்தாபனத்தின் 17 பேர் கடத்தப்பட்டு, தலைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்கப்பட்டபோது இரண்டு மாதம் அதுவே செய்தியாக இருந்தது. அவர்கள் ஒரு குழந்தைகள் விடுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சிக்கினவர்கள்.

ஜீனா ஹெராட்டி நடத்தியதும் குழந்தைகள் விடுதிதானே என்று கேட்கலாம். ஊனமுற்ற குழந்தைக்கு அந்த நாட்டில் வைத்தியம் கிடைப்பதும் அரிது, பள்ளி கிடைப்பதும் அரிது. அத்தகைய குழந்தைக்கு விடுதி தேவைப்படுகிறது. கை கால் நன்றாக உள்ள குழந்தையைப் பள்ளிக்கூட பீஸுக்காக வீட்டிலிருந்து பிரிப்பது வேறு.

பிரயாணம் நின்றது

2024 நவம்பர் 11-ந் தேதி தலைநகர் விமான நிலையத்தில் இறங்க வந்த அமெரிக்கப் பயணி விமானத்தின் மீது குண்டு பாய்ந்தது. அமெரிக்க விமானங்கள் அங்கே போகத் தடை வந்தது. பனியன் கோஷ்டிகள் நின்றன. 2025 நடுவில் வீடிழந்து உள்நாட்டிலேயே அகதிகளாக இருந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர் என்று சர்வதேசக் குடிபெயர்வு ஸ்தாபனம் கணக்கிட்டது. ஜனங்களில் பத்தில் ஒருவருக்கு மேல்!

இதே காலத்தில் இன்னொரு இடியும் விழுந்தது. 2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தார். ஜூலை 1-ந் தேதியோடு அந்த உதவியை நடத்தி வந்த அமெரிக்க இலாகாவே தன் வேலையை முடித்துக் கொண்டது. சபைகளின் தொண்டு என்று நாம் நினைப்பதில் சர்க்கார் பணம் எவ்வளவு என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கத்தோலிக்க நிவாரண ஸ்தாபனத்தின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அமெரிக்க அரசாங்கம் கொடுத்தது. அறுபதுகளில் நம் ஊர் மாதா கோவில்களில் பால் பவுடர் கொடுத்ததும் இதே ஸ்தாபனம்தான். அந்தப் பவுடரும் அமெரிக்க சர்க்காருடையதே. சில ஆண்டுகளாக இந்த ஸ்தாபனம் லூமோஸோடு சேர்ந்து, விடுதிக் குழந்தைகளைக் குடும்பத்துக்குத் திருப்பும் திட்டம் ஒன்றைப் பல நாடுகளில் நடத்தியது. தாயைத் தேடிக் கண்டுபிடித்து, பீஸுக்கு வழி செய்து, பிறகும் போய்ப் பார்க்க வேண்டிய வேலை. போட்டோவில் காட்ட முடியாத வேலை. அதிலும் அமெரிக்க சர்க்கார் பணம் இருந்தது.

ஹைத்திக் குடும்பங்களை உண்மையில் தாங்கி நிற்பது சபைகளும் அல்ல, சர்க்காரும் அல்ல. மயாமியிலும் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, டாக்ஸி ஓட்டி, ஓட்டலில் பாத்திரம் கழுவி ஊருக்குப் பணம் அனுப்பும் ஹைத்திக்காரர்கள்தான். அவர்கள் அனுப்புவது ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. விடுதிகளுக்கு வந்த 7 கோடி எங்கே, இது எங்கே! அந்தப் பணம் நேராகத் தாயின் கைக்குப் போகிறது. முதல் செலவு அரிசி. அடுத்த செலவு பள்ளிக்கூட பீஸ். தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த வரிசை தெரிந்ததே.

2025-ல் அமெரிக்கா ஒரு புதுச் சட்டம் போட்டது. 2026 ஜனவரி 1 முதல், ரொக்கமாகக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு நூற்றுக்கு ஒரு டாலர் வரி. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் வரி கிடையாது. வங்கிக் கணக்கு இல்லாத கூலிக்காரன்தான் ரொக்கத்தை எடுத்துக் கொண்டு போய் வரிசையில் நிற்கிறான். சபைகள் விடுதிகளுக்கு அனுப்பும் நன்கொடை வங்கி வழியாகப் போவதால், அதற்கு இந்த வரி இல்லை.