கூடிச் சொல்லும் நெடுங்கதை

கதை கேளாத மனிதர் இல்லை. ஆயினும் கதையைக் கேட்பதும் கதைக்குள் புகுந்து நடப்பதும் ஒன்றல்ல. கேட்பவன் முடிவுக்குக் காத்திருக்கிறான். புகுந்து நடப்பவனோ முடிவுக்குப் பொறுப்பேற்கிறான். இந்த இரண்டாவது இன்பத்தை மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நீட்டித்துத் தரும் மேசை விளையாட்டு ஒன்று நம் மாணவரிடையேயும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து சேர்ந்திருக்கிறது. ‘வீண்பொழுது’ என்பர் சிலர்; ‘மேலைநாட்டு மயக்கம்’ என்பர் வேறு சிலர். மொழிக்கும் நட்புக்கும் இது நல்லதொரு பயிற்சி என்பதும், தமிழ்த்துறையினரே முன்னின்று வளர்க்கத்தக்கது என்பதும் என் கருத்து.

ஆட்டத்தின் அமைப்பு

நண்பர் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் கதை நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரைப் படைத்துக்கொண்டு, அம்மாந்தரின் வலிமை, அறிவு, திறமை, குறை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்வர். நடத்துநர் ஒரு சூழலை விரித்துரைப்பார்: மலைச்சரிவு, பாழடைந்த கோட்டை, மூடிய கதவு, உள்ளே ஓர் ஓசை. பின்னர், “நீ என்ன செய்யப் போகிறாய்?” என்று வினவுவார். ஆட்டத்தின் உயிர் இவ்வொரு வினாவிலேயே இருக்கிறது. விடை எதுவாயினும் கதை அவ்வழியே திரும்பும். கைகூடுமா என்று ஐயம் எழும் செயலை, பெரும்பாலும் இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும்.

இதில் வென்றவர் தோற்றவர் என்போர் இல்லை. ஓர் அமர்வு முடிந்த இடத்தில் அடுத்த அமர்வு தொடங்கும். கனடா நாட்டு வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் 1982இல் நண்பர்களோடு தொடங்கிய ஆட்டம் நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஒரே கதையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது என்றால், அதன் ஈர்ப்பை உணரலாம்.

பிறப்பும் வழியும்

‘டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயரில் இவ்வாட்டம் 1974இல் அமெரிக்காவில் முதன்முதலாக அச்சேறியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவர் ஆக்கியது அது. முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் ஆடுவது அவர்கள் வழக்கம். படைக்குப் பதிலாக ஆளுக்கொரு வீரன் என்று மாற்றியபோது போராட்டம் கதையாட்டம் ஆயிற்று.

அந்தப் போராட்டங்களின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் சதுரங்கத்தை விரித்து அமைத்த போர்ப்பயிற்சி ஆட்டங்களில் போய் நிற்போம். சதுரங்கமோ இந்திய மண்ணில் பிறந்து, பாரசீகத்தின் வழியே அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்ச்’ ஆகி, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. ஆகவே மேலைநாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்க நினைப்பது, ஒருவகையில் நம் வீட்டுப் பிள்ளையின் பேரப்பிள்ளை எனலாம்.

நம்மிடம் இருந்தவை

ஆட்டம் புதிது, அதன் கூறுகள் நமக்குப் புதியன அல்ல. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் வினாவெழுப்புகிறது. விடை சொன்னாலன்றிக் கேட்பவனுக்கு உய்வில்லை. சொன்னாலோ கதை மீண்டும் தொடங்குகிறது. வினாவும் விடையுமாகவே நூலை நடத்திச் செல்லும் ‘மசலா’ என்னும் இலக்கிய வகையை இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் வளர்த்தனர். 1572இல் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா அவ்வகையின் முன்னோடி. வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பதினெட்டு நாள் நடைபெறும் பாரதக் கூத்தில், படுகளத்தன்று காண்போரும் கதைக்குள் வந்துவிடுவதை அறிவோம்.

வடபுலத்தில் அமீர் ஹம்சாவின் வீரக்கதைகளை இரவு இரவாக நீட்டிச் சொல்லும் ‘தாஸ்தான்’ கலைஞர்கள் இருந்தனர். அக்பர் அக்கதைகளுக்குச் சுமார் 1400 ஓவியங்கள் தீட்டுவித்தார். பின்னாளில் இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அவற்றை 46 தொகுதிகளாக வெளியிட்டது. ஆயினும், தில்லியின் கடைசித் தாஸ்தான் கலைஞர் எனப் போற்றப்பட்ட மீர் பாகர் அலி 1928இல் மறைந்தபோது அக்கலையும் ஓய்ந்தது. 2005இல் தில்லியில் சிலர் முயன்று மீட்கும்வரை மேடையில் அதற்கு இடமில்லை. நூல்கள் நூலகத்தில் இருந்தன. சொல்லும் வாயும் கேட்கும் கூட்டமும் இல்லாமற்போயின. கதை அச்சில் வாழ்வது வேறு, அவையில் வாழ்வது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நட்பின் பயிற்சி

அமராவதிபுதூரில் நண்பர் ஐவருடன் இரண்டாண்டுகளாக இவ்வாட்டத்தைத் தமிழிலேயே நடத்தி வருகிறேன். நான் கண்டறிந்த முதல் உண்மை இது: அரக்கனால் அழியும் கதைகளைவிட, ஆள் வராமல் நின்றுபோகும் கதைகளே மிகுதி. வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த இடத்திற்கு வருவதாகச் சொல்லி அதனைக் காப்பது, இக்காலத்தில் எளிய ஒழுக்கமன்று. இரண்டாவது உண்மை, தன்முறை வரும்வரை பிறர் சொல்வதைக் கூர்ந்து கேட்டாலன்றித் தன் சொல் கதையில் பொருந்தாது என்பது. பேசுவதற்குப் பயிற்சி தரும் மேடைகள் நம்மிடம் பல; கேட்பதற்குப் பயிற்சி தருவன மிகச் சில.

காரைக்குடிக்கு இது நன்கு விளங்கும். 1939இல் சா. கணேசனார் நிறுவிய கம்பன் கழகம் கண்ட ஊர் இது. பட்டிமண்டபம் என்னும் பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் தந்து மக்கள் கலையாக வளர்த்ததில் அக்கழக மேடைக்குப் பெரும்பங்கு உண்டு. பட்டிமண்டபம் எதிரணியை வெல்லும் சொல்லைக் கற்பித்தது. கதையாட்டம் எதிரில் இருப்பவரோடு சேர்ந்து கட்டும் சொல்லைக் கற்பிக்கிறது. இரண்டும் வேண்டும். இன்று நமக்குக் குறைவாக இருப்பது பின்னதே.

ஐயங்கள்

சமுதாயப் பெரியோர் எழுப்பும் ஐயங்களை எள்ளி நகையாடுதல் தகாது. பகடையாட்டத்தை நபிமொழி கண்டித்திருப்பதை அவர்கள் நினைவூட்டுவர். இதில் பணயம் இல்லை, சூது இல்லை என்பது உண்மையே. எனினும் மார்க்கத் தீர்ப்பு உலமாப் பெருமக்களுக்கு உரியது. பகடை வேண்டாம் என்பார்க்கு வேறு வழியும் உண்டு. ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிய சீட்டுகளை ஒரு குடத்திலிட்டு ஒன்றை எடுப்பதே நாங்கள் கைக்கொண்ட முறை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை இதற்கு முன்மாதிரி. ஆட்டத்தின் சுவை இதனால் சிறிதும் குறையவில்லை.

மனம் கெடும் என்பது மற்றோர் ஐயம். 1980களில் அமெரிக்கப் பெற்றோர் பலரும் இவ்வாட்டம் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் என்று அஞ்சினர். அவ்வச்சத்தைப் பின்னர் வந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. படிப்பைக் கெடுக்குமா என்றால், அளவு மீறினால் எதுவும் கெடுக்கும். வாரத்தில் மூன்று மணி நேரம் என்ற வரம்பு போதும்.

நான் பெரிதும் கருதுவது வேறோர் ஐயம். கதையை நடத்துபவர் எத்தகையவர்? எம்.ஏ.ஆர். பார்க்கர் என்னும் அமெரிக்க அறிஞர், 1950களின் தொடக்கத்தில் மொழியாய்வுக்காக இந்தியா வந்தபோது இஸ்லாத்தைத் தழுவியவர்; உருது கற்பித்த பேராசிரியர். ‘டெக்குமேல்’ என்னும் கற்பனை உலகைத் தனி மொழியுடன் படைத்து, 1975இல் அதனை ஆட்டமாக வெளியிட்டு, நண்பர்களோடு பல்லாண்டுகள் நடத்தினார். அவர் 2012இல் மறைந்தார். 1991இல் புனைபெயரில் வெளிவந்த நாஜிக் கொள்கை சார்ந்த நாவல் ஒன்று அவருடையதே என்று அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. கற்பனை வளம் உள்ளத் தூய்மைக்குச் சான்றாகாது என்பதே இதன் பாடம். அதனால்தான் நல்ல குழுவில் நடத்துநர் சொல்வதே முடிந்த முடிபாவதில்லை. மறுத்துக் கேட்கவும் கதையைத் திருப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமை இல்லாத மேசையை விட்டு எழுந்துவிடுதல் நன்று.

தமிழில் ஆடுவோம்

நம் பிள்ளைகளில் பலர் இவ்வாட்டத்தை ஆங்கிலத்தில் ஆடுகின்றனர். அவர்கள் காணும் காடு ஐரோப்பியக் காடு, கோட்டை ஐரோப்பியக் கோட்டை. நமக்கு ஐந்திணை இருக்க அயல்நிலம் எதற்கு? முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக நீண்டு, ஆளரவமற்றுப் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு ஒன்று போதுமே, ஓராண்டுக் கதைக்கு! பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய செட்டியாரும் சபர் சென்ற மரைக்காயரும் கண்ட கடல் இருக்கிறதே! எழுதிப் படிக்காமல், அந்தக் கணத்தில் தோன்றும் நல்ல தமிழில் ஒரு காட்சியை விரித்துரைக்க மாணவன் பழகினால், அதனினும் சிறந்த மொழிப்பயிற்சி வேறு உண்டோ? திங்களுக்கு இருமுறை, வகுப்பு முடிந்தபின் ஓர் அறையைத் தமிழ்த்துறை இதற்கென ஒதுக்கலாம். செலவு ஒன்றுமில்லை, தாளும் எழுதுகோலும் ஒரு குடமும் போதும்.

மாணவ நண்பர்களே! மூன்றாண்டு முடிந்ததும் நீங்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் பிரிந்து செல்வீர்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தோம் என்பது நினைவாக மட்டும் எஞ்சும். ஒன்றாகக் கட்டிய கதையோ அப்படியன்று. அது முடியாமல் உங்களுக்காகக் காத்திருக்கும். விடுமுறைக்கு ஊர் திரும்பும் ஒருவர் மற்றவரை அழைத்து, “அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது?” என்று கேட்க ஒரு காரணம் இருக்கும். அத்தகைய காரணம் ஒன்றை இப்போதே உண்டாக்கிக்கொள்ளுங்கள்.