இரண்டுங்கெட்டான் பார்வை

பார்வை அறவே இல்லாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. நன்றாகத் தெரிகிறவருக்குப் பிரச்சினையே இல்லை. அவதிப்படுகிறவர்கள் நடுவில் இருப்பவர்கள். மற்றவர்கள் 18 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கிற எழுத்தை, கண்ணாடி போட்டுக்கொண்டு 6 மீட்டருக்கு வந்தாலும் படிக்க முடியாதவர்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களைக் 'குறைபார்வை' உள்ளவர்கள் என்று தனியே குறிப்பிடுகிறது. இணையதளங்களை வடிவமைப்பவர்களுக்குத்தான் இப்படி ஒரு ரகம் இருப்பதே ஞாபகம் வருவதில்லை.

திருவனந்தபுரத்துக்கு இது புதிய விஷயம் அல்ல. வெள்ளாயணி ஏரிக்கரையில் 2009 முதல் 'காந்தாரி' பயிற்சி நிலையம் இயங்குகிறது. (பெயர், அளவில் சின்னதான, காரத்தில் பெரிய அந்த ஊர் மிளகாயினுடையது.) அதை நிறுவியவர்களில் ஒருவரான சப்ரியே டென்பர்கன், சிறு வயதில் படிப்படியாகப் பார்வையை இழந்த ஜெர்மானியர், திபெத்திய மொழிக்கு பிரெய்ல் எழுத்து அமைத்தவர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை 2001-ல் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான். ஆர்கா, என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் பைசா செலவில்லாமல் கிடைக்கின்றன.

கருவி இருந்தென்ன, பக்கம் ஒத்துழைக்க வேண்டுமே! மலையாள இணையதளங்கள் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டின. கண்ணுக்குத் தெரிவது மலையாளம்; உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளின் கூளம். தெளிவான வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும். திரைவாசிப்பானோ அந்தக் கூளத்தையே படிக்கும். டாப், டாம் காலத்துத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யூனிகோடு பரவிய பிறகே விமோசனம். மலையாளத்தின் சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் கிடைத்ததே 2008-ல்தான்.

இப்போதைய தலைவலி வேறு. அரசுத் தளங்கள் பலவற்றின் மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு 'ஏ+' பொத்தான் இருக்கும். அமுக்கினால் தலைப்புகள் வளரும். படிக்க வேண்டிய ஆணையோ ஸ்கேன் செய்த படம். பொத்தான் அதைத் தொடாது. உருப்பெருக்கினால் எழுத்தின் ஓரங்கள் கலங்கிப்போகும். திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். 'நவீனம்' என்ற பெயரில் வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவது இன்னொரு கொடுமை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு 21-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 ஆவது வேண்டும் என்கிறது சர்வதேச நெறிமுறை. பல தளங்கள் விரும்பும் சாம்பல் நிறம் 3-ஐக்கூட எட்டுவதில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. வெறும் பரிந்துரைகளாக இருந்த அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கச் சொல்லி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 30-ல் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை எட்டுவது வாழ்வுரிமையின் அங்கம் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர். மகாதேவன். வங்கிக் கணக்குக்காகக் கேமராவைப் பார்த்து இமைக்கச் சொன்னால், ஆசிட் வீச்சில் கண் சிதைந்தவர் என்ன செய்வார் என்பதில் தொடங்கிய வழக்கு அது.

ஒரு தளம் தேறுமா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியைத் தட்டித்தட்டி 400 சதவீதத்துக்குப் போனால் போதும். வரிகள் மடிந்து ஒரே பத்தியாகக் கீழே இறங்க வேண்டும் என்பது 2018-ல் வந்த நெறிமுறை. அப்படி இறங்காத தளத்தில், ஒவ்வொரு வரிக்கும் திரையை வலமும் இடமுமாக இழுத்து விண்ணப்பத்தை நிரப்பி முடித்தவருக்கு இன்னொரு வேலை காத்திருக்கும்: திரைக்கு வெளியே எங்கோ ஒதுங்கிவிட்ட 'சமர்ப்பி' பொத்தானைத் தேடுவது.