பால் காசுக்குள் அடங்குமா கார் தவணை?

கேள்வி: பாபநாசம் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறோம். இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. மாமியாரை மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. வாடகைக் கார் ஒரு தடவைக்கு 1,800 ரூபாய். வீட்டுக்காரருக்குக் கண் பார்வை குறைவு என்பதால், 43 வயதில் நானே எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறேன். கையில் 1,60,000 ரூபாய் சேமிப்பு உண்டு. பால் காசு தீவனச் செலவு போக மாதம் 9,000, மகன் அனுப்புவது 6,000. வாடகைக் காரையும் சேர்த்து வீட்டுச் செலவு 10,500. புதுக் கார் எடுக்கலாம், ஏழு வருடத் தவணையில் கட்டலாம் என்கிறான் மகன். ஒரு மாட்டை விற்றுவிட்டுப் பழைய கார் வாங்கச் சொல்கிறார் கொழுந்தனார். எதைச் செய்வது?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: விவசாயக் குடும்பத்துக்கு நெல் பணம் வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருகிறது. கார் தவணையோ மாதாமாதம் வருகிறது. அறுவடை முடிந்து கணக்கில் பணம் ஏறிய வாரத்தில் எந்தக் காரும் வாங்கக்கூடியதாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நிற்க, உரத்துக்கும் களையெடுக்கவும் காசு தேட வேண்டிய மாதத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. எனவே காரின் விலையை நெல் பணத்தோடு ஒப்பிடக் கூடாது. மாதத் தவணையைப் பால் காசோடு ஒப்பிட வேண்டும்.

மாதக் கணக்கு

வாசகியின் மாத வரவு 15,000 ரூபாய். செலவு 10,500 போக மீதி 4,500. சொந்தக் கார் வந்தால் வாடகைக் காருக்குக் கொடுக்கும் 3,600 ரூபாய் மிஞ்சும். ஆக, காருக்கு ஒதுக்கக்கூடியது 8,100 ரூபாய்.

தஞ்சாவூர் போய்வர 60 கிலோமீட்டர் என்றால் இரண்டு தடவைக்கு 120. மற்ற போக்குவரத்தையும் சேர்த்து மாதம் 300 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,875 ரூபாய் ஆகும். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் வருடம் 18,000 ரூபாய் தேவைப்படும். அதற்கு மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 3,375 ரூபாய். இது இப்போது கொடுக்கும் வாடகைக்குக் கிட்டத்தட்ட சமம். அதாவது, மாதம் இரண்டு பயணத்துக்காக மட்டும் கார் வாங்கினால் லாபம் எதுவும் இல்லை. கட்டும் தவணை முழுவதும் கூடுதல் செலவுதான். வாடகைக் கார் கிடைக்காமல் அல்லாடுவது, மருத்துவமனை போக அடுத்தவர் நேரத்துக்குக் காத்திருப்பது போன்றவை தீர வேண்டும் என்றால்தான் இந்தக் கூடுதல் செலவுக்கு அர்த்தம் உண்டு. அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால், தவணைக்கு மிஞ்சுவது 8,100-இல் 3,375 போக 4,725 ரூபாய். மூன்று வழிகளையும் இந்தத் தொகையில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, மகன் சொல்லும் புதுக் கார். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. புதுக் கார் ஆசை கூடியதற்கு இதுவும் காரணம். ஆனாலும் சாலைக்கு வரும்போது ஐந்தரை லட்சம் என்று கொண்டால், ஒன்றரை லட்சம் கையிலிருந்து கட்டி 4 லட்சம் கடன் வாங்க வேண்டும். 10 சதவிகித வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். மாதாமாதம் 1,900 ரூபாய் துண்டு விழும். வட்டி மட்டும் ஏழு வருடத்தில் 1,57,000 ரூபாயைத் தாண்டும். சேமிப்பும் கரைந்துபோயிருக்கும்.

இரண்டாவது, மாட்டை விற்பது. ஒரு மாடு போனால் பால் காசில் பாதி, அதாவது 4,500 ரூபாய் போய்விடும். தவணைக்கு இருந்த 4,725-இல் மீதி 225 ரூபாய். மாட்டை விற்று வாங்கிய காருக்குப் பெட்ரோல் போட மாடு இருக்காது. எனவே கறவை மாட்டில் கை வைக்கவே கூடாது.

மூன்றாவது, தை, மாசி அறுவடை வரை பொறுத்துப் பழைய கார் வாங்குவது. 2,50,000 ரூபாய் கார் என்று கொள்ளலாம். சேமிப்பு 1,60,000, நெல் பணத்தில் 50,000, ஆக 2,10,000. இதில் 40,000 ரூபாயை பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் ரிப்பேர் ஆகியவற்றுக்காகத் தொடாமல் வைக்க வேண்டும். 1,70,000 கட்டினால் கடன் 80,000 மட்டுமே. 12 சதவிகித வட்டியில் மூன்று வருடத்துக்கு மாதத் தவணை 2,657 ரூபாய். அது போகவும் மாதம் 2,000 ரூபாய் மிஞ்சும். ஒரு வருடம் சம்பா பொய்த்தாலும் பால் காசு தவணையைத் தாங்கிவிடும். இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது இதுதான்.

வட்டியில் கவனிக்க வேண்டியது

"எங்களிடம் 10 சதவிகிதம்தான்" என்று பழைய கார் கடைகளில் சொல்வார்கள். அது ஃபிளாட் வட்டியா, குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் போடும் வட்டியா என்று கேட்க வேண்டும். ஃபிளாட் வட்டியில், பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். 80,000 ரூபாய்க்கு 10 சதவிகித ஃபிளாட் வட்டி மூன்று வருடத்துக்கு 24,000 ரூபாய். குறைந்துவரும் பாக்கிக்கு 12 சதவிகிதம் என்றால் மொத்த வட்டியே 15,700 ரூபாய்க்குள் முடியும். 10 என்று சொல்லப்படுவது உண்மையில் 18 சதவிகிதத்துக்குச் சமம். எனவே சதவிகிதத்தை விட்டுவிட்டு, "கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

மாதத் தவணைக்குப் பதிலாக அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை தருவார்களா, நெல் பணம் வந்ததும் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் வங்கியில் கேட்க வேண்டும். பயிர்க் கடனை மட்டும் காருக்குத் திருப்பக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போவதோடு, அடுத்த பட்டத்துக்குக் கடன் கிடைப்பதும் சிக்கலாகும்.

அறுவடை வரை என்ன செய்வது?

ஓட்டப் பழகலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். வாங்கிய நாளிலிருந்து 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். (40 வயது தாண்டியவர்கள் விண்ணப்பத்துடன் மருத்துவர் சான்றும் தர வேண்டும்.) பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் குறைந்தது 21 நாள் பயிற்சியும், அதில் பத்து மணி நேரமாவது கையில் ஸ்டியரிங்கும் இருக்க வேண்டும் என்பது விதி. கட்டணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

புதிதாகப் பழகுபவர் கிளட்சை அரைகுறையாக மிதித்தபடியே ஓட்டுவார். கிளட்ச் தேயும், பம்பர் உரசும். அந்தத் தேய்மானம் பள்ளிக் காரில் நடக்கட்டும். பழகி முடித்தவருக்குத்தான் எந்தக் கார் கைக்கு அடக்கமாக இருக்கிறது, எந்த இருக்கையிலிருந்து சாலை நன்றாகத் தெரிகிறது என்பதும் புரியும்.

எல்.எல்.ஆர். மட்டும் உள்ளவர் தனியாக ஓட்டக் கூடாது. உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். இதை மீறி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்க இடமுண்டு.

மாடு பார்ப்பது போலக் கார் பார்ப்பது

பல்லைப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல், மூன்று வேளை கறந்து பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. காருக்கும் அதே நிதானம் வேண்டும்.

தயாரித்த தேதி: 2019 ஜூலை முதல் விற்பனைக்கு வந்த கார்களில் ஏ.பி.எஸ். பிரேக், ஓட்டுநருக்கு ஏர்பேக், பின்னால் எடுக்கும்போது ஒலி எழுப்பும் சென்சார் ஆகியவை கட்டாயம். பழகுபவருக்கு இவை மூன்றும் பெரிய துணை. 2022 ஜனவரி முதல் முன் இருக்கையில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக் கட்டாயம்.

காலை நேரம்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி: 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட கார் கழுவித் துடைத்து எங்கும் விற்பனைக்கு வரலாம். தரை விரிப்பைத் தூக்கிச் சேறு இருக்கிறதா, இருக்கையின் அடியில் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் தண்ணீர்க் கறை தெரியும்.

ஓடிய தூரம்: மீட்டர் குறைவாகக் காட்டும்போது பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பக் கூடாது. டயரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம்.

இவற்றைச் சரிபார்க்க, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவல்ல.

பணம் கைமாறும் முன்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ளவரே விற்கிறாரா, சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். இவை கைக்கு வரும் வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.சி.யில் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள்தான் கெடு. அதை விட்டால் சொந்தக் காரின் சேதத்துக்கு இழப்பீடு பெறுவது கடினம்.

உரிமம் வந்த பிறகு

முதல் மூன்று மாதம் பகலில் மட்டும் ஓட்டுவது நல்லது. டெல்டாவில் ஆற்றங்கரைச் சாலைகள் குறுகலானவை. சில இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் கிடக்கும், பிரேக் போட்டால் சறுக்கும். இரவில் பின்விளக்கு இல்லாத டிரெய்லர்கள் நிற்கும். மாமியாருக்கு நடுஇரவில் மூச்சுத் திணறினால், வாசலில் சொந்தக் கார் நின்றாலும் 108-ஐ அழைப்பதே சரி. அதில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டு.

கேள்வி: மகனுக்கு 17 வயது. டிராக்டர் நன்றாக ஓட்டுவான். கடைத்தெரு வரை காரை எடுத்துப் போகிறான். எல்.எல்.ஆர். எடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: காருக்கு எல்.எல்.ஆர். எடுக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன் பொதுச் சாலையில் ஓட்டி ஏதேனும் குற்றத்தில் சிக்கினால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். காரின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. டிராக்டருக்கும் இதே சட்டம்தான். பிறந்த நாள் வரும் வரை சாவி அப்பாவின் இடுப்பில் இருக்கட்டும்.