விளையாட்டு மட்டும் கரையேற்றாது



"எக்ஸ்பாக்ஸுக்கென்றே தனி விளையாட்டுகள் இருந்தால் வியாபாரம் நிமிர்ந்துவிடும்" என்கிறீர்கள். நான் ஒப்பமாட்டேன்.

சேகாவின் டிரீம்காஸ்டில் ஷென்மூ இருந்தது, சோனிக் இருந்தது. 2001இல் கன்சோல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

நின்டென்டோவின் வீ யூவுக்கு 2014இல் மரியோ கார்ட் 8 வந்தது. அந்தக் கருவி மொத்தமே சுமார் 1.36 கோடிதான் விற்றது. அதே விளையாட்டு, சில சேர்க்கைகளுடன், 2017இல் ஸ்விட்ச்சுக்கு வந்து 6 கோடிக்கு மேல் விற்றது. மாறியது எது? கருவிதானே! பெயரிலேயே ஆளைக் குழப்பிய வீ யூ எங்கே, வீட்டிலும் பயணத்திலும் ஆடலாம் என்ற ஸ்விட்ச் எங்கே?

நல்ல விதை வேண்டும்தான். களர்நிலத்தில் தூவி என்ன பயன்? இந்தப் பெட்டி எதற்கென்று வாங்குபவருக்கு முதலில் புரியட்டும், விலையும் கட்டுப்படியாகட்டும்.

மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள்!