அரைநாள் ஆசிரியர்

1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே நீதிக்கட்சி பகலுணவு போட்டது. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு. மார்தட்டிக்கொள்கிறோம், உரிமையும் உண்டு!

ஆனால் தோழர்களே, உண்டு எழுந்த பிள்ளைக்கு ஓவியமும் உடற்பயிற்சியும் தையலும் கணினியும் கற்பிப்பவர் யார்? 2012-ல் 16,549 பேரை அமர்த்தினார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பெயரோ பகுதிநேர ஆசிரியர்! கொத்துவேலைக்குப் போகும் தோழன் கேட்டால் சிரிப்பான். 2023-ல் உயர்த்தி அறிவித்தபோதும் 12,500தான். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், அடுத்தவர் பிள்ளையின் வருங்காலத்தை எந்த மனத்தோடு எண்ணுவார்?

நிரந்தரமாக்குவோம் என்பது 2021-ல் கழகம் தேர்தல் அறிக்கையிலே எழுதிக் கொடுத்த வாக்கு. முழுமையாக நிறைவேறும்வரை கேட்போம். நம் வீட்டில் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

டில்லி, தன் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்று 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. அநீதிதான், 2025-ல் உச்சநீதிமன்றப் படியேறியதும் சரிதான். அதைச் சாக்காக்கி ஆசிரியர் கோப்பை மூடிவைக்க ஒப்பமாட்டோம்.

அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற ஆச்சாரியாரின் 1953 குலக்கல்வித் திட்டம், எதிர்ப்பிலே எரிந்து 1954-ல் சாம்பலானது. அரைநாள் பள்ளியை விரட்டிய நாட்டிலே அரைநாள் ஆசிரியரா? முழுநேரப் பணியிடங்களை உருவாக்குங்கள். பல்லாண்டு உழைத்தவர்களை அதிலே முதலில் அமர்த்துங்கள்!