ஒரே மரக்கால் வேண்டும்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

அளவு ஒன்றாக இல்லாத ஊரில் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடவாது. இவ்வுண்மையை நம் தஞ்சைத் தரணி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. முதலாம் இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வர வேண்டிய நெல் இத்தனை கலம் என்று சொல்வதோடு நிற்பதில்லை. அந்நெல்லை 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்றும், அது 'இராசகேசரி' என்னும் அளவுக்கு ஒப்பானது என்றும் குறிக்கின்றன. ஆளுக்கொரு மரக்கால் இருந்தால் கலம் என்ற சொல்லுக்கே பொருள் இராது என்பதை அறிந்தவர்கள் நம் முன்னோர்.

கணிப்பொறி பயிலும் நாம் அதை மறந்துவிட்டோமோ என்பதே என் கவலை. நம் ஆய்வகத்தில், திரையில் கட்டளை தட்டி இயக்கும் சிறு கருவிகளை ஆண்டுதோறும் மாணவர்கள் எழுதுகிறோம். மழையளவின் சராசரி காண ஒன்று. வருகைப் பதிவைச் சரிபார்க்க ஒன்று. தமிழ்ச் சொற்களை எண்ண ஒன்று. ஒவ்வொன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒன்றுக்குக் கோப்பின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். மற்றொன்றுக்குத் தேதியை முதலில் சொல்ல வேண்டும். உதவி கேட்டால் ஒன்று விளக்கம் தருகிறது. இன்னொன்று வாய் திறவாமல் நிற்கிறது. எழுதியவர் பட்டம் பெற்றுப் போனதும் கருவியும் ஓய்வு பெற்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு வருபவர் அதே மழைக் கணக்கை அடியிலிருந்து தொடங்குகிறார். இது உழைப்பை வீணாக்குவதன்றோ?

இக்குறை நம்முடையது மட்டுமன்று. உலகம் போற்றும் யூனிக்ஸ் கட்டளைகளையே பாருங்கள். 'சி.பி.' கட்டளையில் சிறிய 'ஆர்' குறியை இட்டால், அடைவையும் அதனுள் இருப்பவை அனைத்தையும் படியெடுக்கும். 'எல்.எஸ்.' கட்டளையில் அதே குறி, பட்டியலைத் தலைகீழாக்கும். 'வி' என்னும் குறி பல கருவிகளில் 'விரிவாகச் சொல்' என்று பொருள்படும். 'கிரெப்' கட்டளையிலோ 'பொருந்தாத வரிகளைக் காட்டு' என்று பொருள்படும். பலர் பல காலத்தில் தனித்தனியே எழுதியதன் விளைவு இது.

அவர்கள் இதற்கு மருந்தும் கண்டார்கள். குறிகளைப் பிரித்தறியும் வேலைக்கு 'கெட்ஆப்ட்' என்னும் பொது நிரல் 1980களில் பரவியது. எல்லாக் கருவிகளும் 'ஹெல்ப்', 'வெர்ஷன்' என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்று குனு திட்டத்தார் விதி வகுத்தனர். பைத்தான் மொழியில் 2010இல் 'ஆர்க்பார்ஸ்' சேர்ந்தது. 2014இல் 'கிளிக்' வந்தது. இவை துணை நூலகங்கள். நூலகம் என்றதும் நமக்குச் சரசுவதி மகால் நினைவுக்கு வரும். அங்கே சுவடிகளைக் காத்து வைத்திருக்கிறார்கள். இங்கே பலமுறை எழுத வேண்டியதை ஒருமுறை செவ்வையாக எழுதிக் காத்து வைக்கிறார்கள். கருவிக்கு என்னென்ன குறிகள் உண்டு என்று நாம் அறிவித்தால் போதும். தவறான குறி வந்தால் எச்சரிப்பதையும், உதவிப் பக்கத்தை ஆக்கித் தருவதையும் துணை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

ஒழுங்கின் பயன் அழகு மட்டும்தானா? அன்று. ஒரு கருவியின் வெளியீட்டை அடுத்த கருவிக்குப் பாய்ச்சும் 'பைப்' முறை 1973இல் யூனிக்சில் புகுந்தது. அது கல்லணையில் பிரியும் நீர் வாய்க்கால் வழியே வயலுக்கு வருவது போன்றது. தலைமடையில் குப்பை விழுந்தால் கடைமடைக்காரன் தவிப்பான். பிழைச் செய்தியை விடையோடு கலந்து அனுப்பும் கருவியும், தோற்றுவிட்டு 'வெற்றி' என்னும் பொருளில் சுழியத்தைத் திருப்பித் தரும் கருவியும் கடைமடையைக் கெடுப்பவையே. வந்த பிழை எது, எங்கே வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இனித் தமிழுக்கு வருவோம். 'தஞ்சாவூர்' என்னும் சொல்லில் எழுத்துகள் ஐந்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஒன்பது என்கிறது. பைட்டுகளை எண்ணினால் இருபத்தேழு. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி இடம் பெறுவதே காரணம். 'ஓப்பன் தமிழ்' போன்ற நூலகம் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. ஆயினும் நம்மில் ஒருவர் எழுத்தை எண்ணுகிறார், ஒருவர் குறியீட்டை எண்ணுகிறார், இன்னொருவர் பைட்டை எண்ணுகிறார்! மூவரும் 'நீளம்' என்றே எழுதுகிறார்கள். மூன்று மரக்கால், ஒரே பெயர்.

தமிழர் இத்துன்பத்தை முன்பே பட்டிருக்கிறோம். எழுத்துருவுக்கு ஒரு குறியீடு, நிறுவனத்துக்கு ஒரு விசைப்பலகை என்று சிதறிக் கிடந்த நிலையில்தான், 1999இல் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை பொதுமுறையாயிற்று. பெரிய அளவில் முடிந்தது, சிறிய ஆய்வகத்தில் முடியாதா?

பொது விதி தனித்திறமையைக் கட்டிப்போடும் என்று சில நண்பர்கள் கூறுகின்றனர். அவர்கள் கூற்றை நான் ஒப்பவில்லை. மரக்கால் ஒன்றானதால் எந்த உழவனும் ஒரே நெல்லைத்தான் விதைக்க வேண்டும் என்று ஆகவில்லை. சிந்தனை கருவியின் உள்ளே இருக்கட்டும். வாசல் மட்டும் எல்லார்க்கும் தெரிந்த திசையில் இருக்கட்டும். பொது நூலகத்தில் ஒரு பிழை நேர்ந்தால் எல்லாக் கருவியும் கெடுமே என்பது மற்றொரு தடை. அது நியாயமான அச்சம். ஆனால் அதே காரணத்தால் ஒரிடத்தில் திருத்தினால் எல்லாம் திருந்தும்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். நம் துறைக்கென ஒரு சிறு துணை நூலகம் வேண்டும். 'ஆர்க்பார்ஸ்' மீது கட்டினால் நூறு வரிகளில் தொடங்கிவிடலாம். உதவி, பதிப்பு, கோப்பு, தேதி ஆகிய நான்குக்கும் எல்லாக் கருவியிலும் ஒரே குறி. பிழைக்குத் தனி வழி. நீளம் என்றால் எழுத்து. உதவிப் பக்கமும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் பயின்று, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். புரியாத மொழியில் அதட்டும் கறுப்புத் திரையைக் கண்டு அவர்கள் 'இது நமக்கு வராது' என்று ஒதுங்குவதை நான் கண்டிருக்கிறேன். வராமற்போனது அறிவன்று, வழி சொல்வார் இல்லாமையே.

பேராசிரியப் பெருமக்கள் ஆய்வக நேரத்தில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கித் தர வேண்டுகிறேன். இளைய நண்பர்களே, அடுத்த கருவியை எழுதுமுன் ஒன்று கூடி மரக்காலை முடிவு செய்யுங்கள். நாங்கள் போன பின்னும் அளப்பதற்கு அது இங்கே இருக்கும்.